தீபாவளி முதல் வெடி

2019 தீபாவளி, ஞாயிற்றுக்கிழமை. அம்மா சாத்தூரிலிருந்து வந்து மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. தூக்கம் இன்னும் புளோரிடா நேரத்துக்குப் பழகவில்லை. மூன்று மணிக்கே எழுந்து, நல்லெண்ணெயில் மிளகும் ஓமமும் போட்டுக் காய்ச்சிவிட்டு, என்னையும் எழுப்பி மணையில் உட்கார வைத்துவிட்டாள். (மணைக்கு இங்கே எங்கே போவது, பிளாஸ்டிக் முக்காலிதான்.) முதல் கை எண்ணெயை உச்சந்தலையில் வைத்து அழுத்துகிறாள், நாலு மணிக்கு இன்னும் பத்துப் பன்னிரண்டு நிமிஷம் இருக்கும், டம்மென்று ஒரு சத்தம். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. அடுப்புக்கு மேலே தொங்கிய கரண்டிகள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டன.

"பரவாயில்லையே, இங்கயும் எவனோ நமக்கு முந்தி வெடியப் போட்டுட்டானே" என்றாள் அம்மா. அடுத்த நொடியே கை நின்றது. "இல்லடி. இது நம்ம ஊர்ச் சரக்கு இல்ல."

சாத்தூர்க்காரி சொன்னால் சொன்னதுதான். பெரியம்மா வீட்டில் பட்டாசுக்கடை இருந்தது. சீசனில் அம்மாதான் கல்லாவில் உட்காருவாள். கண்ணை மூடிக்கொண்டு வெடியின் பெயரைச் சொல்லுவாள். "லட்சுமி வெடி சுள்ளுனு காதுல அறையும். அணுகுண்டு நெஞ்சுல இடிக்கும். இது ரெண்டும் இல்ல. மேல இருந்து அமுக்குது."

மேலேயிருந்து வந்ததுதான். 780 நாள் பூமியைச் சுற்றிவிட்டு, ஆளில்லாத ஒரு குட்டி விமானம் எங்கள் வீட்டுக்கு எதிர்க்கரையில் இறங்கிக்கொண்டிருந்தது. டைட்டஸ்வில்லில் ஆற்றுக்கு இந்தப் பக்கம் நாங்கள், அந்தப் பக்கம் கென்னடி விண்வெளி மையம். அமெரிக்க விமானப்படையின் எக்ஸ்-37பி 3.51க்கு ஓடுபாதையைத் தொட்டது. அவர்கள் அறிவித்தது இறங்கின பிறகு. அம்மா அதற்கு முன்பே கண்டுபிடித்துவிட்டாள்.

இந்தச் சத்தம் எனக்குப் புதிதில்லை. 2017 மே 7, அதுவும் ஞாயிறுதான், காலை எட்டு மணி வாக்கில், எக்ஸ்-37பியின் முந்தின பயணம் முடிந்தபோது இதே மாதிரி ஒன்று. தெரு முழுக்க இரவு உடுப்போடு வெளியே வந்து வானத்தைப் பார்த்தது. எதிர்வீட்டுத் தாத்தா முகத்தில் பாதி சவர நுரையோடு ஓடிவந்தார். நாசாவின் விண்விமானமான ஷட்டிலில் வெப்ப ஓடு ஒட்டுகிற வேலை பார்த்தவர். 2011 ஜூலை 21-ல் அட்லாண்டிஸ் என்கிற ஷட்டில் கடைசியாக இறங்கியதோடு இந்த வட்டாரத்தில் ஆயிரக்கணக்கானவர்களுக்கு வேலை போனது, அவருக்கும் போனது. அதற்குப் பிறகு அந்த நாலரைக் கிலோமீட்டர் ஓடுபாதையில் விண்வெளியிலிருந்து வந்து இறங்கியது அன்றைக்குத்தான். ஆறு வருஷமாக அந்த ஓடுபாதைப் பக்கமிருந்து கேட்காத சத்தம். "குட்டி போட்டிருக்கு" என்றார் தாத்தா. ஷட்டில் குட்டி போட்டிருக்கிறது என்று அர்த்தம்.

பொருத்தமான பேச்சுதான். நீளம் 8.9 மீட்டர், இறக்கை விரிவு 4.5 மீட்டர், எடை ஏறக்குறைய 5 டன். ஷட்டிலின் சரக்கறைக்குள் இதைப் போல இரண்டை வாலும் தலையுமாக அடுக்கிவிடலாம். 1999-ல் நாசா ஆரம்பித்த திட்டம். 2004-ல் ராணுவ ஆராய்ச்சிக்கான டார்ப்பாவின் கைக்குப் போய், 2006-ல் விமானப்படையிடம் வந்து சேர்ந்தது. கட்டியது போயிங். இருப்பது இரண்டே வண்டி. முதல் பயணம் 2010 ஏப்ரல் 22. முதல் மூன்று தடவையும் கலிஃபோர்னியாவின் வாண்டன்பெர்க் தளத்தில்தான் இறங்கியது. 2014-ல்தான் இங்கே ஷட்டில்கள் நின்ற கொட்டகைகளில் இரண்டை இதற்கு ஒதுக்கினார்கள். கொட்டகைக் கதவில் பெரிய எழுத்தில் 'எக்ஸ்-37பியின் வீடு' என்று எழுதியும் வைத்திருக்கிறார்கள். ரகசியத்துக்குப் பெயர்ப்பலகை மாட்டின ஒரே ஊர் எங்கள் ஊராகத்தான் இருக்கும்.

அன்று குளித்து, புதுத்துணி உடுத்தி, லேகியம் வாயில் போட்டுக்கொண்டு அம்மாவுக்கு இதையெல்லாம் சொன்னேன். ஒலியைவிட வேகமாக வருகிற எதுவும் காற்றை ஒதுங்க விடாமல் குவித்துத் தள்ளிக்கொண்டே வரும், அந்தக் குவியல் தரையில் வந்து மோதுவதுதான் இந்தச் சத்தம். அதில் எஞ்சின் ஓடவில்லை, கழுகு மாதிரி வெறுமனே சறுக்கித்தான் இறங்குகிறது. ஓட்ட ஆளும் கிடையாது. எல்லாம் கேட்டுக்கொண்டாள். ஒரே கேள்விதான் கேட்டாள்.

"உள்ள என்ன கொண்டுபோச்சு?"

அங்கேதான் எல்லாரும் முட்டிக்கொண்டு நிற்கிறோம். கொஞ்சம் சொல்கிறார்கள். அந்தப் பயணத்தில் வெப்பத்தைக் கடத்தும் புதுவகைக் குழாய்களைச் சோதித்தார்களாம். அதற்கு முந்தின பயணத்தில் மின்புல உந்துகருவி ஒன்று, கூடவே நாசாவுக்காகப் பல பொருள்களின் மாதிரிகள். சரக்கறை பெரிதொன்றும் இல்லை, 2.1 மீட்டருக்கு 1.2 மீட்டர், எங்கள் வீட்டுக் கட்டில் அளவு. அதில் மிச்ச இடத்தில் என்ன இருந்தது என்பதற்குப் பதில் கிடையாது. ஆயுதம் என்பார்கள் சிலர். சீனாவின் டியாங்கோங்-1 நிலையத்தை வேவு பார்க்கிறது என்று 2012-ல் ஒரு புரளி. இரண்டின் பாதையும் அப்படி ஒன்றையொன்று குறுக்கே வெட்டிப் போகும்போது நின்று எட்டிப் பார்க்க வழியே இல்லை என்று விஷயம் தெரிந்தவர்கள் அப்போதே சொல்லிவிட்டார்கள். எனக்கும் ஆயுதக் கதையில் நம்பிக்கை இல்லை. கருவிகளை மேலே கொண்டுபோய், வெயிலிலும் கதிரிலும் காய விட்டு, பத்திரமாகத் திருப்பிக் கொண்டுவந்து பிரித்துப் பார்க்கிற வசதி வேறு யாரிடமும் அதிகம் இல்லை. அதுவே போதுமான காரணமாக எனக்குப் படுகிறது.

என்னை உறுத்துவது வேறு ஒன்று. இறங்கின பிறகு வந்த அறிவிப்பில், போகிற போக்கில், சில சிறு செயற்கைக்கோள்களை மேலே விட்டதாக ஒரு வரி இருந்தது. எதை மேலே விட்டாலும் ஐ.நா.வில் பதிவு செய்யவேண்டும் என்று ஒப்பந்தம் இருக்கிறது. வண்டி வந்து சேருகிறவரை இந்தக் குட்டிகள் எந்தக் கணக்கிலும் இல்லை என்று வானியலாளர் ஜொனதன் மெக்டவல் உடனே சுட்டிக்காட்டினார். இதைச் சொன்னதும் அம்மாவுக்கு வந்ததே கோபம். மூன்று வாரத்துக்கு முன் விமான நிலையத்தில் அவளுடைய பெட்டியை முழுக்கக் கவிழ்த்து, காராச்சேவுப் பொட்டலத்தைப் பிரித்து, பால்கோவாவை மோந்து பார்த்து, கருப்பட்டி என்ன என்று இருபது நிமிஷம் விசாரித்திருந்தார்கள். "என் சேவுக்கு அத்தனை கேள்வி. இவன் மேல என்னத்தையோ விட்டுட்டு வந்திருக்கான், ஒருத்தனும் கேக்கல!"

அம்மா 2020 பிப்ரவரியில் ஊர் திரும்பினாள். மார்ச்சில் உலகம் மூடிக்கொண்டது. மே 17 காலை ஒன்பதேகாலுக்கு அட்லஸ் ராக்கெட்டில் ஆறாவது பயணம் கிளம்பியது. அதன் மூக்குக்கூட்டில் கொரோனாவில் உழைத்தவர்களுக்கு ஒரு வாழ்த்து எழுதியிருந்தது. பல் மருத்துவரிடம் நான் பார்க்கிற கணக்கு வேலையும் நின்றிருந்த நேரம், புல்வெளியில் நாற்காலி போட்டு முகக்கவசத்தோடு பார்த்தேன். ரகசியமான ஒன்று இத்தனை புகையோடு, இத்தனை சத்தத்தோடு போவதை எத்தனை தடவை பார்த்தாலும் எனக்குச் சிரிப்புதான் வரும். 2017 செப்டம்பரில், இர்மா புயல் வர மூன்று நாள் இருக்கும்போது, கேஸ் ஸ்டேஷன் வரிசையில் காருக்குள் உட்கார்ந்தபடி ஐந்தாவது கிளம்பினதைப் பார்த்தவள் நான். முன்னால் நின்ற கார்க்காரர் அண்ணாந்து பார்த்த நேரத்தில் வரிசையில் ஒருவர் புகுந்துவிட்டார்.

மேலே போனபின் ஒளிவது மட்டும் அவ்வளவு சுலபமா? பாதையை அரசு சொல்லாது. ஆனால் கனடாவிலும் தென்னாப்பிரிக்காவிலும் மொட்டைமாடியில் பைனாகுலரும் நிறுத்துக்கடிகாரமுமாக நிற்கிற பொழுதுபோக்குக்காரர்கள் 2010-லேயே முதல் வண்டியை ஒரே மாதத்தில் பிடித்துவிட்டார்கள். ஒளிப்புள்ளி எந்த விண்மீனைத் தாண்டியது, எத்தனை மணிக்கு, இவ்வளவுதான், மிச்சம் கணக்கு. அவர்கள் புண்ணியத்தில் யுஎஸ்ஏ 299 என்கிற பெயரில் ஆறாவது வண்டி எந்தெந்த ஊருக்கு மேலே எப்போது போகும் என்று எனக்கும் தெரிந்தது. 400 கிலோமீட்டர் உயரம், நாளுக்குப் பதினைந்து சுற்று. சாத்தூருக்கு மேலேயும் போனது.

ஒரு நாள் சாயங்காலம் அம்மாவை மாடிக்கு ஏற்றி, போனில் திசை சொன்னேன். "தென்மேற்குல பாரும்மா, தென்னமரத்துக்கு மேல." பார்த்துவிட்டாளாம். எப்படி இருந்தது என்றேன். "செவப்பு வெளக்கு மினுக்கி மினுக்கிப் போச்சு." அது மதுரை ஃபிளைட். நான் சொல்லவில்லை.

அந்தப் பயணம் 908 நாள். அதற்குள் நானும் அம்மாவும் பார்த்துக்கொண்டது ஒரே ஒரு முறை. கடற்படை ஆய்வகம் சூரிய ஒளியை நுண்ணலையாக மாற்றிப் பார்க்கிற தட்டு ஒன்றை அதில் அனுப்பியது, நாசா விதைகளை அனுப்பியது, விமானப்படைக் கல்லூரி மாணவர்களின் சிறு செயற்கைக்கோளும் போனது. இந்த முறை அதை முன்கூட்டியே சொல்லிவிட்டார்கள். வாரா வாரம் போனில் மற்ற எல்லாம் பேசி முடித்தபின் அம்மா கேட்பாள்: "அது இறங்கிருச்சா?" 2022 நவம்பர் 12 விடியற்காலை ஐந்தேகாலுக்குக் கரண்டிகள் ஆடின. இரண்டு நாள் முன்புதான் நிகோல் புயல் போயிருந்தது, வீட்டில் எல்லாரும் கூரைதான் என்று நினைத்து எழுந்தார்கள். நான் நேரே போனை எடுத்தேன். சாத்தூரில் மூன்றே முக்கால், டீ நேரம்.

"அணுகுண்டா, லட்சுமியா?" என்றாள்.

ஏழாவது பயணம் எனக்குப் பிடிக்கவில்லை. 2023 டிசம்பர் 28 இரவு ஃபால்கன் ஹெவி ராக்கெட்டில் போனது. அதன் பாதையை ஃபின்லாந்தில் ஒருவர் கண்டுபிடித்தபோது ஒரு முனை 323 கிலோமீட்டர், மறு முனை 38,000 கிலோமீட்டருக்கும் மேலே. வளிமண்டலத்தில் உரசி உரசி அந்தப் பாதையைச் சுருக்கினார்கள். 2019-லேயே, விமானப்படைச் செயலராக இருந்த ஹெதர் வில்சன், அது முட்டை வடிவப் பாதையில் வந்து காற்றை உரசித் திசை மாற்றும், எதிரிக்கு அடுத்து எங்கே வரும் என்று தெரியாது என்று சிரித்துக்கொண்டே சொல்லியிருந்தார். பெரிய வித்தைதான். ஆனால் 434 நாள் கழித்து 2025 மார்ச்சில் அது கலிஃபோர்னியாவில் போய் இறங்கிவிட்டது. எங்களுக்கு ஒரு சத்தமும் இல்லை. தாத்தாவும் முகம் தூக்கிக்கொண்டார்.

எட்டாவது, ஆகஸ்ட் 21 நள்ளிரவுக்குப் பத்து நிமிஷம் முன்னால் எதிர்க்கரையிலிருந்தே கிளம்பியது. லேசரில் தகவல் அனுப்பும் கருவியும், ஜிபிஎஸ் இல்லாமல் வழி கண்டுபிடிக்கிற குவாண்டம் உணர்கருவியும் உள்ளே இருக்கின்றன என்று சொல்லியிருக்கிறார்கள்.

இன்றைக்கு 2025 தீபாவளி. அம்மா மறுபடி இங்கே இருக்கிறாள். அதே எண்ணெய், அதே பிளாஸ்டிக் முக்காலி. "இன்னைக்கு வருமா?" என்றாள். அறுபது நாள்தானே ஆச்சு, வராதும்மா என்றேன். சரி என்றாள். ஆனாலும் எண்ணெய்க் கையை என் தலையிலேயே வைத்துக்கொண்டு, கழுத்தைச் சாய்த்து, கரண்டிகளைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் நின்றாள். அடுப்புக் கடிகாரத்தில் 3.51 ஆகி, 3.52 ஆனது.

"தண்ணி ஆறுது, போய்க் குளி."