தலையில் ‘அ’ வந்தால் ஒற்றைப் பாருங்கள்

உயர்தரப் பரீட்சைப் பெறுபேறு வந்துவிட்டது. தமிழுக்கு ஏ. புவியியலுக்கும் இந்து நாகரிகத்துக்கும் என்ன என்று கேட்காதீர்கள், அதற்கு வேறு ஆட்கள் இருக்கிறார்கள். “தமிழ்தானே, வீட்டில கதைக்கிறதுதானே, அதுக்கு என்ன படிப்பு?” என்று நான் கலைப்பிரிவு எடுத்த காலம் தொட்டுச் சொன்ன உறவினர்கள்தான் இப்போது தங்கள் பிள்ளைகளுக்குக் குறிப்புக் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியே எழுத எனக்குப் பொறுமை இல்லை. எனவே மொத்தமாக இங்கே.

இலக்கியப் பகுதிக்கு என்னிடம் பெரிய வித்தை ஒன்றும் இல்லை. செய்யுளைச் சத்தமாக வாசியுங்கள், உரையைப் பிறகு பாருங்கள். கட்டுரைக்கு எழுத்து விளங்க வேண்டும். சரி, அவ்வளவுதான். ஆட்கள் வழுக்கி விழுவது இலக்கணத்தில். அதிலும் சொல்லின் தலையில் நிற்கும் ‘அ’ என்ற ஒரேயொரு எழுத்தில்.

நான் போன தனியார் வகுப்பில் அச்சடித்துத் தந்த குறிப்பில் “அ – எதிர்மறை முன்னொட்டு” என்று தலைப்புப் போட்டு, அநீதி, அசைவம் என்று தொடங்கி, அஃறிணை, அமாவாசை, அபிவிருத்தி வரை ஒரே வரிசையில் அடுக்கியிருந்தார்கள். காசு கொடுத்து வாங்கிய குறிப்பு. அதைப் பாடமாக்கியவர்கள் இன்னும் அஃறிணையை அ + திணை என்றுதான் பிரிக்கிறார்கள். எனக்கு அட்டவணை மனதில் நிற்காது. அந்தக் குறையே என்னைக் காப்பாற்றியது.

திருகோணமலை பஸ் நிலையத்தில் சிவப்பு பஸ்கள் வரிசையாக நிற்கும். பார்வைக்கு எல்லாம் ஒன்று. எது எங்கே போகிறது என்று பலகையைப் பார்த்தால்தான் தெரியும். ‘அ’வுக்கும் ஒரு பலகை உண்டு. அடுத்து நிற்கும் ஒற்று, அதாவது புள்ளி வைத்த மெய்தான் அது.

தமிழின் சொந்த ‘அ’ சுட்டு, ‘அந்த’ என்று சுட்டிக்காட்டுவது. “அ இ உம்முதல் தனிவரிற் சுட்டே” என்பது நன்னூல். அவன், அது என்பவற்றில் அது சொல்லோடு ஒட்டிப் பிறந்தது, பிரித்தால் மீதிக்குப் பொருள் இல்லை: அகச்சுட்டு. அக்கடல், அம்மலை என்பவற்றில் கழற்றலாம்: புறச்சுட்டு. கழற்றும் சுட்டுக்குப் பின் மெய் வந்தால் அந்த மெய் இரட்டிக்கும். உயிரோ யகரமோ வந்தால் வகர ஒற்றுத் தோன்றும்: அவ்வூர், அவ்விடம்.

மற்ற ‘அ’ வடமொழியில் இருந்து வந்த எதிர்மறை. மெய்க்கு முன் இரட்டிக்காமல் சும்மா நிற்கும். உயிருக்கு முன் ‘அன்’ ஆகிவிடும்.

நான் சொல்ல வந்த வித்தை இதுதான். மற்றதெல்லாம் மறந்தாலும் இந்தச் சோடிகளை மறக்காதீர்கள்:

அக்காலம் – அந்தக் காலம். அகாலம் – உரிய காலம் அல்லாதது.
அந்நீதி – அந்த நீதி. அநீதி – நீதியின்மை.
அப்பயம் – அந்தப் பயம். அபயம் – பயமின்மை, அதனால் அடைக்கலம்.
அக்கதி – அந்தக் கதி. அகதி – கதியற்றவர்.

கடைசிச் சோடியை நான் கண்டுபிடித்துப் பெருமையோடு அம்மம்மாவிடம் போனேன். அவர் சம்பூர்க்காரி. 2006இல் ஊரைவிட்டு வெளிக்கிட்டு, கிளிவெட்டி முகாமில் வருடக்கணக்காக இருந்தவர். கதி என்றால் போகும் வழி, போய்ச் சேரும் புகலிடம். முன்னால் ஓர் ‘அ’ போட்டால் இரண்டும் இல்லாதவர் என்று விளக்கினேன். அரிசி புடைத்துக்கொண்டிருந்தவர் சுளகை நிறுத்தவே இல்லை. “கதியில்லாமத்தானே வந்தம். இதுக்கு வகுப்பு வேற வேணுமா?” என்றார். அதற்குப் பிறகு இந்தச் சொல் எனக்குப் பிழைக்கவே இல்லை.

உயிருக்கு முன் வருகிற ‘அன்’னுக்கும் தெருவிலேயே உதாரணம் இருக்கிறது. அனர்த்த முகாமைத்துவம் என்ற பலகை. 2004 சுனாமிக்குப் பிறகு இந்தக் கரையில் அந்தச் சொல்லைத் தெரியாத பிள்ளை இல்லை. அன் + அர்த்தம். அர்த்தம் என்பது இங்கே பயன், நன்மை. அநாதி, அன் + ஆதி. அநேகம், அன் + ஏகம்: ஒன்றல்ல, ஆகவே பல.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது அவசியம். அதுவே ஓர் எதிர்மறை. வசம் தெரியும்தானே? வசப்படாதது, நம் விருப்பத்துக்கு வளையாதது, ஆகவே செய்தே ஆக வேண்டியது. அதன் வழிவந்த சொல்லுக்கு முன் இன்னோர் எதிர்மறையை ஒட்டினால் அநாவசியம். ‘அதி’யை ஒட்டினால் அத்தியாவசியம். 2022இல் காஸ் சிலிண்டருக்கு வரிசையில் நின்றவர்களுக்கு இந்தக் கடைசிச் சொல்லை நான் விளக்கத் தேவையில்லை.

இந்த வடமொழி எதிர்மறைக்கு இனத்தவர் தூரத்திலும் உண்டு. கிரேக்கத்தின் அ, அன், இலத்தீனின் இன், ஆங்கிலத்தின் அன் எல்லாம் ஒரே மூலத்தவை என்கிறது மொழியியல். நம் அமிர்தமும் கிரேக்கத் தேவர்களின் அம்புரோசியாவும் சாவின்மை என்ற ஒரே கருத்தில் பிறந்த உறவுகள். பரீட்சைக்கு வேண்டாம். நித்திரை வரும் நேரத்தில் படித்தால் முழிப்பு வரும்.

இனிப் பொறிகள். ஒழுங்கில்லாமல், நினைவு வரும்படி:

அஃறிணை: அல் + திணை. இந்த அல் தமிழின் சொந்த எதிர்மறை. வேற்றுமை அல்லாத புணர்ச்சியாகிய அல்வழியிலும் இதுதான்.

அரம்பை, அரதனம்: இங்கே ‘அ’வுக்குப் பொருளே இல்லை. ரகரம் சொல்லுக்கு முதலில் வராது என்பதால் முன்னால் வந்து ஏறிய எழுத்து. இராமனின் இகரமும் உரோமத்தின் உகரமும் அதே வேலைதான்.

அமாவாசை: எதிர்மறை கிடையாது. அமா என்றால் ‘கூட’. ஞாயிறும் திங்களும் கூடியிருக்கும் நாள்.

அபாரம்: சுமக்கிற பாரம் இல்லை. வடமொழியில் இந்தப் பாரம் அக்கரை. அக்கரை தெரியாத அளவு பெரியது அபாரம். கடற்கரையில் பிறந்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் எதற்கு?

அதி: இரண்டு உண்டு, தமிழ் எழுத்தில் ஒன்றாகிவிட்டது. அதிவேகத்தில் இருப்பது ‘மிஞ்சிய’. அதிகாரம், அதிபர் என்பவற்றில் இருப்பது ‘மேலான’. வடமொழியில் இரண்டுக்கும் தகரம் வேறு.

அவமானம், அவதாரம், அவதானம்: எல்லாம் அவ என்ற முன்னொட்டு. கீழ்நோக்கு என்பது அதன் அடிப்படைக் கருத்து. அவதாரம் கீழிறங்கி வருதல்.

அப்பியாசம்: நம் அப்பியாசக் கொப்பிதான். ‘அபி’ உள்ளே ஒளிந்திருக்கிறது. சுட்டென்று எழுதிவிடாதீர்கள்.

அசுரன்: பாடத்தில் அ + சுரன் என்பார்கள். உண்மையில் அசுரன்தான் பழைய சொல், சுரன் அதிலிருந்து பிரித்தெடுத்தது. பரீட்சைத் தாளில் இந்தச் சண்டையைத் தொடங்க வேண்டாம்.

என் ஒற்று விதிக்கும் ஓட்டை உண்டு, அதையும் சொல்லிவிட வேண்டும். வடமொழிச் சொல் இரண்டு மெய் சேர்ந்து தொடங்கினால், எதிர்மறை ‘அ’வுக்குப் பின்னும் தமிழில் ஒற்று வந்துவிடும்: அக்கிரமம், அஞ்ஞானம், அத்துவிதம். இவை சுட்டுப் போலத் தெரியும். அப்போது முழு வாக்கியத்தையும் வாசித்து ‘அந்த’ என்று போட்டுப் பாருங்கள். “அந்தக் கிரமம் செய்தான்” என்று பொருள் வராவிட்டால் சுட்டில்லை.

கிண்ணியா நண்பன் ஒருவன் எங்களோடு படித்தான். அல்வழியில் ‘அல்’ எதிர்மறை என்றதும் அவன் சிரித்துவிட்டு, எங்கள் பக்கம் பல பாடசாலைகளின் பெயர் அல் என்றுதான் தொடங்கும், எல்லாம் இல்லாத பாடசாலைகளா என்றான். அரபியில் அல் என்பது குறித்த ஒன்றைக் காட்டும் முன்னொட்டு. சில எழுத்துகளுக்கு முன் அதன் லகரம் கரைந்து அடுத்த மெய் இரட்டிக்கும்: அல் + ஸலாம் அஸ்ஸலாம் ஆவது அப்படித்தான். நம் சுட்டு இரட்டிப்பதைப் போலவே இருக்கிறதே என்று நாங்கள் இருவரும் பாடத்தை விட்டுவிட்டு அன்று முழுக்க இதையே கதைத்துக்கொண்டிருந்தோம். பயன்படாத நாள் என்று சேர் ஏசினார். எனக்குப் பயன்பட்டது.

படிக்கும் முறை பற்றி: அதிகாலை எழும்பச் சொல்பவர்கள் சொல்லட்டும், எனக்கு இரவுதான். மேசையிலும் இருக்க மாட்டேன். உட்துறைமுக வீதியால் நடந்துகொண்டு கண்ணில் படும் பலகைகளைப் பிரிப்பேன். நகர அபிவிருத்தி அதிகாரசபை என்ற ஒரு பெயரில் மட்டும் இரண்டு முன்னொட்டு இருக்கிறது. நடக்கப் பிடிக்காதவர்களுக்கு இது சரிவராது.

விடை எழுதும்போது சொல்லைப் பிரித்ததோடு நிற்காமல், எந்த ‘அ’ என்று ஒரு வரி எழுதுங்கள். சுட்டு என்றால் ஒற்று எப்படி வந்தது என்று இன்னொரு வரி. நேரம் போதாவிட்டால் கட்டுரையில் ஒரு பந்தியை வெட்டுங்கள், இதை வெட்டாதீர்கள்.

கொப்பி கேட்பவர்களுக்கு: அது கிண்ணியா நண்பனின் தங்கச்சியிடம் இருக்கிறது. அவள் பரீட்சை எழுதி முடிக்கும்வரை திரும்பி வராது.