கேப்டன் கையில் இரண்டு தாள்

டாஸ் போட வந்த கேப்டன் கையில் இரண்டு டீம் ஷீட். முதலில் பேட்டிங் என்றால் ஒன்று, பவுலிங் என்றால் இன்னொன்று.

ஐபிஎல்லில் 2023லிருந்து இப்படித்தான். பதினொரு பேரும் ஐந்து மாற்று வீரர்களும் டாஸுக்குப் பிறகே உறுதி. அந்த ஐவரில் ஒருவரை மேட்ச் நடுவில் வேறொருவருக்குப் பதிலாக இறக்கலாம்; அவர்தான் இம்பாக்ட் வீரர்.

முதலில் பேட்டிங்கா? ஒரு பேட்ஸ்மேனைக் கூடுதலாக இறக்கு. இடைவேளையில் அவரை எடுத்துவிட்டு பவுலரைக் கொண்டு வா. 2023 சீசனின் முதல் மேட்சிலேயே சென்னை அணியில் ராயுடு வெளியே, துஷார் தேஷ்பாண்டே உள்ளே.

பதினொன்றில் நான்கு வெளிநாட்டவர் இருந்தால் இம்பாக்ட் வீரர் இந்தியர்தான். விக்கெட் சடசடவென்று சரிந்தாலோ, பவுலருக்கு வைத்திருந்த இடம் பேட்ஸ்மேனுக்குப் போய்விடும். அப்புறம் இருபது ஓவரை யார் போடுவது?

அடி வாங்குவது பேட்டிங், பவுலிங் இரண்டும் செய்யும் ஆல்ரவுண்டர்கள்தான். சிவம் துபே, வாஷிங்டன் சுந்தருக்குப் பந்து போட வாய்ப்பில்லை என்று ரோஹித் சர்மாவே 2024ல் வெளிப்படையாகச் சொன்னார். சரியாத்தான் சொன்னார்.