நடாத மரங்களுக்கு ஒரு கட்டம்

மேற்கு ஆப்பிரிக்காவில் இருக்கும் நைஜர் நாட்டின் மராடி நகரில் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே மேலாளர் எனக்கு ஓர் எக்செல் கோப்பைத் திறந்து காட்டினார். கிராமத்தின் பெயர், நட்ட கன்றுகள், பிழைத்த கன்றுகள், சீரமைத்த ஹெக்டேர், கூலி பெற்ற குடும்பங்கள். மூன்று நாடுகளின் பணத்தில் நடந்த நில மீட்புத் திட்டம் அது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை அந்தக் கட்டங்களை நிரப்பி அனுப்புவது என் பொறுப்பு. பதவியின் பெயர் கண்காணிப்பு, மதிப்பீட்டு அலுவலர். ஊரில் இருந்த அம்மாவுக்கு இதைத் தொலைபேசியில் விளக்கினேன். "மரம் எண்ணுகிற வேலையா?" என்று கேட்டார். அதைவிடச் சரியாக அந்தப் பதவியை யாரும் சொன்னதில்லை.

நைஜரின் சுதந்திர நாள் ஆகஸ்ட் 3. 1975 முதல் மரம் நடும் நாளும் அதுவே. நான் வேலைக்குச் சேர்ந்த ஆண்டில் நடந்த விழாவுக்கு வெளிநாட்டு விருந்தினர்கள் வந்தார்கள். ஒவ்வொருவரும் நட்ட கன்றின் பக்கத்தில் அவர் பெயர் எழுதிய பிளாஸ்டிக் அட்டை ஒன்றைக் குத்தி வைத்தோம். படம் எடுத்துக்கொண்டோம், குளிர்பானம் குடித்தோம், நான் 320 என்று குறித்துக்கொண்டேன். அடுத்த ஏப்ரலில் அதே இடத்துக்குக் கணக்கெடுக்கப் போனேன். கண்ணைத் திறக்க முடியாத வெயில். அட்டைகள் பெரும்பாலும் அப்படியே நின்றன. கன்றுகள் 14. மற்றவற்றை ஆடுகளும் வெயிலும் பங்கு போட்டுக்கொண்டிருந்தன. ஆண்டறிக்கையின் முதல் பக்கத்தில் 320 கொட்டை எழுத்தில் வந்தது. 14 பின்னிணைப்புக்குப் போனது.

அந்த 14-ஐ எண்ணிவிட்டு வண்டிக்குத் திரும்பும் வழியில்தான் அந்த ஊர்ப் பாட்டி ஒருவரின் வயல் இருந்தது. "சன்னு த ஐக்கி" என்றார். வேலை செய்துகொண்டிருப்பவரைப் பார்த்தால் ஹவுசா மொழியில் அப்படித்தான் வணக்கம் சொல்வார்கள். வெயிலில் குனிந்து குனிந்து என்ன தேடுகிறீர்கள், மாலம், என்று ஓட்டுநர் வழியாகக் கேட்டார். மாலம் என்றால் படித்தவர், ஐயா என்பதுபோல. மரம் தேடுகிறேன் என்றேன். தன் வயலைத் திரும்பிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். அங்கே பத்து, இருபது தப்படிக்கு ஒன்றாக மரங்கள் நின்றன. எந்தத் திட்டம் நட்டது என்று கேட்டேன். யாரும் நடவில்லை.

கூட்டிக்கொண்டு போய் ஒரு புதரைக் காட்டினார். கல்கோ என்கிற காட்டு மரம். காலால் மண்ணை விலக்கியபோது அடிக்கட்டை தெரிந்தது, உள்ளங்கை அகலத்தில், பழைய வெட்டுகளின் தழும்போடு. அதிலிருந்து இருபதுக்கு மேற்பட்ட போத்துகள் கிளம்பியிருந்தன. நேராகவும் தடிப்பாகவும் இருந்த நான்கைப் பிடித்து ஆட்டிப் பார்த்தார். மீதியைக் கத்தியால் கீழிருந்து மேலாகச் சீவினார். மேலிருந்து வெட்டினால் பட்டை கிழிந்துவிடுமாம். வைத்துக்கொண்ட நான்கிலும் பாதி உயரம்வரை பக்கக் கிளைகளைக் கழித்தார். பத்து நிமிட வேலை. சீவிய குச்சிகளைக் கட்டி அன்றைய அடுப்புக்கு எடுத்துக்கொண்டார்.

மேலே ஒன்றும் இல்லாத நிலத்துக்கு அடியில் வெட்டுண்ட காட்டின் வேர்கள் உயிரோடு கிடக்கின்றன என்பதுதான் சங்கதி. 1980களின் தொடக்கத்தில் மராடிப் பகுதியில் கன்று நட்டு நட்டுத் தோற்றுக்கொண்டிருந்தவர் ஆஸ்திரேலியரான டோனி ரினாடோ. 1983-இல் ஒருநாள், மணல் பாதையில் ஓட்டுவதற்காக டயர்களின் காற்றைக் குறைக்க வண்டியை நிறுத்தினார். பக்கத்தில் இருந்த புதரின் இலையைப் பார்த்தபோதுதான் அது வெட்டிய மரத்தின் துளிர் என்று அவருக்கு உறைத்தது. அந்த நிமிடத்தை எல்லாப் பயிற்சி வகுப்பிலும் சொல்வார்கள். அதே அளவு முக்கியமான இன்னொன்றைக் கொஞ்சம் அவசரமாகத் தாண்டிவிடுவார்கள். பிரெஞ்சு ஆட்சிக் காலத்திலிருந்து வந்த சட்டப்படி வயலில் நிற்கும் மரமும் அரசுடையதாக இருந்தது. கிளையை வெட்டினால் வன ஊழியர் அபராதம் போடுவார். தனக்குச் சொந்தமில்லாத மரத்தை எந்த உழவர் வளர்ப்பார்? முளையிலேயே பிடுங்கிப் போட்டுவிடுவதுதான் புத்திசாலித்தனம். 1980களின் நடுவிலிருந்து அந்தக் கெடுபிடி தளர்ந்தது, மரங்கள் எழுந்தன. பின்னாளில் வான்படங்களையும் செயற்கைக்கோள் படங்களையும் ஒப்பிட்ட ஆய்வாளர்கள், மராடி, ஜிண்டர் வட்டாரங்களில் ஏறத்தாழ 50 லட்சம் ஹெக்டேர் இப்படிப் பசுமையாகியிருப்பதாகக் கணக்கிட்டார்கள். என் கோப்பில் அதற்குக் கட்டம் கிடையாது.

பாட்டிக்குப் பிடித்த மரம் காவோ. மழைக்காலத்தில் இலையை உதிர்த்துவிட்டு, கோடையில் தழைக்கிற விசித்திரப் பிறவி. கம்பு வளரும்போது நிழல் போட்டு அதைக் கெடுக்காது. உதிர்ந்த இலை உரமாகும், கோடையில் காய் ஆட்டுக்கு ஆகும். அந்த மரத்தடியில் உட்கார்ந்து அவர் கொடுத்த ஃபுராவைக் குடித்தேன். கம்பு உருண்டையைப் பாலில் கரைத்தது. கம்பங்கூழில் வளர்ந்தவனுக்கு அதை யாரும் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை.

சர்வதேச ஒத்துழைப்பு என்ற சொல்லைக் கேட்டாலே எங்கள் அலுவலகத்தில் சிலருக்குக் கொட்டாவி வரும். பாலைவனமாதலுக்கு எதிரான ஐ.நா. உடன்படிக்கை 1994 ஜூன் 17-இல் பாரிசில் ஏற்கப்பட்டது. அதற்குப் பிறகு எத்தனையோ மாநாடுகள். 2019-இல் கிரேட்டர் நொய்டாவில் நடந்த மாநாட்டில், 2030-க்குள் மீட்கப்போகும் நிலத்தின் இலக்கை 2.1 கோடி ஹெக்டேரிலிருந்து 2.6 கோடியாக இந்தியா உயர்த்தியது. ஆப்பிரிக்க ஒன்றியம் 2007-இல் தொடங்கிய பெரும் பசுமைச் சுவரின் இலக்கு 10 கோடி ஹெக்டேர். இவற்றைக் கேலி செய்வது எளிது, நானும் செய்திருக்கிறேன். ஆனால் 1989-இல் நைஜரின் இல்லேலா பகுதியிலிருந்து 13 உழவர்கள் பக்கத்து நாடான புர்க்கினா ஃபாசோவின் யாத்தெங்காவுக்குப் போனார்கள். இறுகிப்போன தரையில் கோடையிலேயே குழி வெட்டி, எருவைப் போட்டு, மழைக்குக் காத்திருக்கும் முறையைப் பார்த்துவிட்டு வந்தார்கள். எருவுக்கு வரும் கறையான்கள் தரையைத் துளைத்துத் தண்ணீருக்கு வழி விடுகின்றன. மறு ஆண்டு மழை பொய்த்தது. குழி வெட்டிய நிலங்களில்தான் சொல்லிக்கொள்ளும்படி விளைந்தது. அதைப் பார்த்தபின் யாரும் பயிற்சி வகுப்பு கேட்கவில்லை. அந்த 13 பேரை அழைத்துப்போன திட்டத்துக்குப் பணம் கொடுத்தது ஓர் ஐ.நா. நிதியம்தான். வண்டிச் செலவும் சாப்பாட்டுச் செலவும் போக அதில் வேறென்ன செலவு இருந்திருக்கும் என்று பலமுறை யோசித்திருக்கிறேன்.

எங்கள் பணம் வேறு வழிகளில் போனது. ஒரு கிராமத்து முகப்பில் மூன்று திட்டங்களின் தகரப் பலகைகள் வரிசையாக நின்றன. மூன்றும் காட்டியது ஒரே பொட்டலை. அதே ஹெக்டேரை மூன்று அலுவலகங்கள் தனித்தனியாகத் தங்கள் கணக்கில் சேர்த்திருந்தன. ஒன்று எங்களுடையது. மேலாளரிடம் சொன்னேன். மற்ற இருவரும் குறைத்துக்கொண்டால் நாமும் குறைப்போம் என்றார்.

நடுவது எல்லாமே வீண் என்று சொல்ல வரவில்லை. நாற்றுப்பண்ணை ஒன்றில் பி.கே.எம். 1 என்று எழுதிய விதைப்பையைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டேன். பெரியகுளத்து முருங்கை! தலைநகர் நியாமேக்கு அருகில் சடோரேயில் இருக்கும் இக்ரிசாட் என்ற சர்வதேசப் பயிர் ஆய்வு நிறுவனத்தின் மையம் வழியாக நைஜருக்குள் வந்த ரகம் அது. முருங்கைக்கீரை அங்கே முன்பே அன்றாட உணவு. வேகவைத்துப் பிழிந்து, நிலக்கடலைப் பிண்ணாக்கோடு பிசைந்து சாப்பிடுகிறார்கள். வீட்டுக் கொல்லையில் நட்டுத் தண்ணீர் ஊற்றுவதால் அது பிழைத்துக்கொள்கிறது. பெயர் அட்டை தேவைப்படவில்லை.

2023 தொடக்கத்தில் கோப்பில் நானாக ஒரு கட்டத்தைச் சேர்த்தேன்: 'வெட்டாமல் விட்ட மரங்கள்'. ஆறு கிராமங்களில் உழவர்களோடு வயல் வயலாக நடந்து எண்ணி நிரப்பினேன். தலைமையகத்திலிருந்து இரண்டே நாளில் பதில் வந்தது. வேலை நேர்த்தியாக இருக்கிறது, கூடுதல் கட்டத்தை மட்டும் நீக்கிவிட்டு மறுபடி அனுப்பவும். நீக்கிவிட்டு அனுப்பினேன். அந்த ஜூலையில் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. நன்கொடை நாடுகள் பணத்தை நிறுத்தின, எங்கள் அலுவலகத்தையும் மூடிவிட்டார்கள். கோப்பு இப்போது எந்தக் கணினியில் இருக்கிறதோ. வயலில் எழுதிய நோட்டு என்னிடம் இருக்கிறது. பாட்டியின் பக்கத்தில் ஃபுரா சிந்திய கறைக்குக் கீழே ஓட்டுநரின் கையெழுத்தில் இருப்பது இவ்வளவுதான்: ஒன்றரை ஹெக்டேர், காவோ 23, கல்கோ 41, மற்றவை 9.