அந்தக் கேள்விக்கு நான் சொன்ன பதில்

"மறைக்காமச் சொல்லுங்க தம்பி, இந்தக் கிருமி எங்கட கையாலயா போயிருக்கு?"

ஐ.சி.யு. பொறுப்புத் தாதி தொலைபேசியில் இதைக் கேட்டபோது ஆய்வுகூடத்தில் என் மேசையில் இருந்தது படுவான்கரை விவசாயி ஒருவரின் சிறுநீர்க் கல்ச்சர், அதாவது சிறுநீரில் உள்ள கிருமியை வளர்த்துப் பார்க்கும் தட்டு. எலிக்காய்ச்சலோடு வந்து வென்டிலேட்டரில் கிடந்தவர். சில நாட்களுக்கு முன் அவருடைய சளியில் கிளெப்சியெல்லா என்ற பக்டீரியா வளர்ந்திருந்தது. மெரோபெனம் என்ற வலுவான அன்ரிபயோட்டிக் ஊறிய டிஸ்க்கைச் சுற்றிக் கிருமி வளராத வெளியின் விட்டம் 19 மில்லிமீற்றரோ அதற்குக் குறைவோ இருந்தால் எதிர்ப்பு என்று எழுதுவோம்; அதில் அப்படியொரு வெளி துளியும் இல்லை. இப்போது சிறுநீரில் ஈ.கோலை என்ற குடல் பக்டீரியா, அதே எதிர்ப்போடு. அவர் வந்த அன்று எடுத்த சிறுநீரில் இருந்த ஈ.கோலையோ சாதாரண மருந்துகளுக்கே அடங்கியது.

"இல்ல மிஸ். கிளெப்சியெல்லா தன்ர எதிர்ப்பை அவர்ர குடலுக்குள்ளயே ஈ.கோலைக்குக் குடுத்திருக்கலாம்."

"அப்ப எங்கட பிழை இல்ல" என்றார். குரலில் பாரம் இறங்கியது தெரிந்தது. நான் மறுக்கவில்லை.

நான் சொன்னது பொய்யல்ல. எதிர்ப்பு மரபணுக்கள் பல நேரம் பிளாஸ்மிட் என்ற சிறு டி.என்.ஏ. வளையத்தில் இருக்கும். ஒரு பக்டீரியா இன்னொன்றைத் தொட்டு அந்த வளையத்தின் பிரதியைக் கொடுத்துவிடும். இனம் வேறாக இருந்தாலும் கொடுக்கும். ஒரே வளையத்தில் பல மருந்துகளுக்கான எதிர்ப்பு சேர்ந்திருப்பதால் எல்லாம் ஒன்றாகப் போய்ச் சேரும். ஜப்பானில் வயிற்றுளைச்சல் கிருமியான ஷிகெல்லாவுக்கும் ஈ.கோலைக்கும் இடையே இப்படி எதிர்ப்பு கைமாறுவதை 1959இலேயே காட்டினார்கள். என் மனதில் அப்போது ஓடியது 2008ஆம் ஆண்டின் சுவீடன் நோயாளி. புதுடில்லியில் சிகிச்சை பெற்றுத் திரும்பியவர். சிறுநீரில் கிளெப்சியெல்லா, மலத்தில் ஈ.கோலை, இரண்டிலும் மெரோபெனம் போன்ற மருந்துகளை முறிக்கும் என்.டி.எம்-1 மரபணு. அந்த மரபணுவை உலகம் அறிந்ததே அவரிடமிருந்துதான். உடலுக்குள்ளேயே கைமாறியிருக்க வேண்டும் என்று அதை ஆராய்ந்தவர்களும் கருதினார்கள்.

ஆனால் தாதி கேட்டது அதை அல்ல. கிளெப்சியெல்லா அந்த விவசாயியிடம் எப்படி வந்தது? சளி உறிஞ்சும் சக்ஷன் குழாய், கை கழுவும் தொட்டியின் வடிகால், கட்டிலுக்குக் கட்டில் போகும் கைகள், எதுவாகவும் இருக்கலாம். வரும்போதே குடலில் கொண்டு வந்தாரா என்று பார்க்க அனுமதி நாளில் மலவாய் ஸ்வாப் எடுப்பதில்லை. குடலுக்குள் நடந்ததைச் சொல்லி, குடலுக்கு வெளியே நடந்ததைப் பேசாமல் விட்டேனோ என்ற எண்ணம் போகவில்லை. கைமாறியது என்பதற்குக்கூட என்னிடம் இருந்தது டிஸ்க்குகளின் ஒற்றுமை மட்டும். உறுதிப்படுத்த, அசைட் என்ற இரசாயனத்துக்கு அடங்காத ஜே53 என்ற ஆய்வுகூட ஈ.கோலையோடு சேர்த்து வளர்த்து எதிர்ப்பு அதற்கும் போகிறதா என்று பார்க்க வேண்டும், மரபணுவைத் தேட வேண்டும். அன்றாட மாதிரிகளுக்கு எங்கள் ஆய்வுகூடத்தில் அது நடப்பதில்லை. எதிர்ப்புள்ள வேறொரு ஈ.கோலை வெளியிலிருந்தே வந்திருக்கவும் கூடும். "இருக்கலாம்" என்றுதான் சொன்னேன். தாதியின் காதில் அந்தச் சொல் விழவில்லை.

வேறு என்ன சொல்லியிருப்பேன்? ஆட்கள் போதாத இரவில், ஒரு கட்டிலில் அலாரம் அடிக்க மற்றதில் குழாய் அடைக்க ஓடுபவரிடம் "உங்கட கைதான்" என்று சொல்ல எனக்கு ஆதாரமும் இல்லை, மனமும் இல்லை. மெரோபெனம் போகப் போகக் குடலில் மற்றக் கிருமிகள் செத்து எதிர்ப்புள்ளது மட்டும் பெருகுகிறது. அந்த மருந்தை எழுதியது தாதிகள் அல்லவே. எதைக் கொடுப்பது என்று சொல்லும் கல்ச்சர் ரிப்போட் எங்களிடமிருந்து போகவே இரண்டு மூன்று நாளாகிறது. குற்றத்தை ஒரு சோடிக் கைகளில் வைப்பது நியாயமில்லை என்றே இன்றும் நினைக்கிறேன். ஆனால் பக்கத்துக் கட்டிலில் கிடந்த ஏறாவூர்ப் பெடியனுக்கு அந்த நியாயத்தால் என்ன பயன்? அவனுக்குத் தேவைப்பட்டது கழுவிய கைகள்.

பிறகு ஒருநாள், ஒவ்வொரு கட்டிலின் காலடியிலும் கை தேய்க்கும் அல்ககோல் போத்தல் வைக்க வேண்டும் என்று அந்தத் தாதி எழுதிய கோரிக்கைக் கடிதத்தைக் கண்டேன். என் பதில் தந்த தெம்பில் எழுதினாரா, அந்தப் பதிலை நம்பாமல் எழுதினாரா என்று அவரிடம் இன்னும் கேட்கவில்லை.