மாத்திரை அட்டையில் சிவப்புப் பொட்டு

அப்பாவுக்குச் சர்க்கரை நோய், காலில் புண். ஒன்பது நாள் ஆஸ்பத்திரி, அப்புறம் ஒரு வெள்ளிக்கிழமை மதியம் டிஸ்சார்ஜ். நான் சென்னையிலிருந்து லீவு போட்டுப் போயிருந்தேன். படுத்திருந்தது என்னவோ அவர்தான், ஆனால் ஃபைலைத் தூக்கிக்கொண்டு லேபுக்கும் பில் கவுண்டருக்கும் ஓடி ஓடி, நோயாளியே நான்தான் என்கிற மாதிரி ஆகிவிட்டது.

டாக்டர் ரவுண்ட்ஸ் வருவார். கட்டிலின் கால்மாட்டில் நின்றுகொண்டு என்னைப் பார்த்துக் கேட்பார், "நைட் தூங்கினாரா? மோஷன் போனாரா?" நான் பதில் சொல்வேன். அப்பா நடுவில் வாயெடுத்தால் "நீங்க சும்மா இருங்கப்பா" என்று நானே அடக்குவேன். முப்பத்திரண்டு வருஷம் பஸ் கண்டக்டராக இருந்த மனிதர், தீபாவளிக் கூட்டத்திலும் யாருக்கு எவ்வளவு சில்லறை பாக்கி என்று மனதிலேயே வைத்திருந்தவர், அவருக்குத் தான் விழுங்குகிற மாத்திரை எத்தனை, எது எதற்கு என்று ஒருத்தரும் சொல்லவில்லை. நானும்தான்.

டிஸ்சார்ஜ் அன்று கையில் கொடுத்தது நான்கு பக்க ஆங்கில சம்மரியும் ஒரு பை மாத்திரையும். மருந்துக் கடைப் பையன் கவர்மேல் 1-0-1, 1-0-0 என்று கிறுக்கிவிட்டு "புரிஞ்சுதா சார்?" என்றான். பின்னால் பத்துப் பேர் நிற்கும்போது யார் புரியவில்லை என்பார்கள்? புரிந்தது என்றேன்.

புதன்கிழமை விடிகாலை நாலு மணிக்கு அம்மா எழுப்பினார். அப்பாவின் பனியன் பிழிகிற அளவுக்கு வேர்வை, கையில் நடுக்கம், "வாடிப்பட்டியெல்லாம் எறங்கு, எறங்கு" என்று உளறிக்கொண்டிருக்கிறார். குத்திப் பார்த்தால் சர்க்கரை 48. எழுபதுக்குக் கீழே போனாலே லோ சுகர். நல்லவேளை விழுங்க முடிந்தது. அம்மா மூன்று ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலக்கிக் கொடுத்தார். கால் மணி நேரம் கழித்துப் பார்த்தோம், 74. ஆளும் தெளிந்துவிட்டார். தெளிந்ததும் சொன்னது: "ரெண்டு மூணு நாளாவே கை நடுங்குச்சு. சொன்னா நீ திட்டுவன்னு விட்டுட்டேன்."

காலையில் சப்-சென்டர் நர்ஸம்மா வந்தார். வீட்டிலுள்ள எல்லா மாத்திரையையும் கொண்டுவரச் சொல்லி, பாயில் பரப்பி, அட்டைக்குப் பின்னால் இருக்கிற பொடி எழுத்தை ஒவ்வொன்றாகப் படித்தார். பழைய டாக்டர் எழுதியது ஒன்று, புது டாக்டர் எழுதியது ஒன்று. பெயர் வேறு, நிறம் வேறு, இரண்டிலும் இருந்தது அதே கிளிமிபிரைடு. சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் கணையத்தை முடுக்கி இன்சுலினைச் சுரக்க வைக்கிற மருந்து அது. அப்பா இரண்டையும் ஒழுங்காகப் போட்டிருக்கிறார். பழையதை நிறுத்துங்கள் என்று யாராவது சொல்லியிருந்தால்தானே? (கடையில் அட்டையைக் கத்தரித்துக் கொடுக்கும்போது சில சமயம் மருந்தின் பெயரே பாதி போய்விடுகிறது. இதை யாரிடம் போய்ச் சொல்ல?)

ஆரம்ப சுகாதார நிலைய டாக்டரிடம் போனில் கேட்டு எதை நிறுத்துவது என்று முடிவானதும், நர்ஸம்மா அம்மாவிடம் திரும்பி, "இப்ப நான் சொன்னதை உங்க மருமகளுக்கு எப்படிச் சொல்வீங்க? என்கிட்ட சொல்லுங்க பாப்போம்" என்றார். அம்மா ராத்திரி மாத்திரையைக் காலை மாத்திரை என்று மாற்றிச் சொல்லிவிட்டார். "நான் சரியாச் சொல்லலை போலிருக்கு" என்று நர்ஸம்மா சிரித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து சொன்னார். இரண்டாம் தடவை அம்மா பாஸ். இதற்கு மருத்துவத்தில் டீச்-பேக் என்று பெயராம், பிற்பாடுதான் படித்தேன். "புரிஞ்சுதா?" என்று கேட்டால் யாரும் தலையாட்டிவிடலாம், திருப்பிச் சொல்லச் சொன்னால் முடியாது. மொத்தமாக ஐந்து நிமிஷம் ஆகியிருக்கும்.

அம்மாவுக்கு ஆங்கிலம் படிக்கத் தெரியாது. அவரே ஒரு வழி கண்டுபிடித்தார். காலை மாத்திரை அட்டையில் சிவப்பு ஒட்டுப்பொட்டு, ராத்திரி அட்டையில் கறுப்புப் பொட்டு. கடையில் வேறு கம்பெனி மாத்திரை கொடுத்தால், நர்ஸம்மா பார்த்துச் சொல்கிறவரை பொட்டு வைப்பதில்லை. பொட்டு இல்லாத அட்டையை அப்பா தொடமாட்டார்.

உலக சுகாதார நிறுவனம் செப்டம்பர் 17-ஐ நோயாளி பாதுகாப்பு நாளாக வைத்திருக்கிறது. 2023-இல் அதன் முழக்கமே நோயாளிகளின் குரலை உயர்த்துங்கள் என்பதுதான். படித்தபோது சங்கடமாக இருந்தது. டாக்டர்கள் பேசவிடுவதில்லை என்று ஊரெல்லாம் குறை சொல்கிறோம், எங்கள் வீட்டில் அந்த வேலையைப் பார்த்தது நான். மருத்துவ ரெக்கார்டுகளைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தரவேண்டும் என்று மருத்துவ கவுன்சிலின் 2002 விதிமுறைகளிலேயே இருக்கிறது. அதையும் நான் கேட்டதில்லை.

மூன்று வாரம் கழித்து ரிவ்யூ. அப்பா ஒரு நாற்பது பக்க நோட்டோடு வந்தார். பஸ்ஸில் கண்டக்டர் எழுதுகிற டிரிப் ஷீட் மாதிரி கோடு போட்டு தேதி, நேரம், சர்க்கரை அளவு, சாப்பிட்டது என்ன என்று வரிசையாக எழுதியிருந்தார். டாக்டர் வழக்கம்போல என்னைப் பார்த்து "எப்படி இருக்கார்?" என்றார். நான் அப்பாவைப் பார்த்தேன்.

"செவ்வாய்க்கிழமை ராத்திரி மட்டும் ரொம்ப இறங்குது சார். முருகனுக்கு விரதம், ஒருவேளைதான் சாப்பாடு. அன்னைக்கும் ராத்திரி மாத்திரை போடணுமா?"

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "விரதமா? இதை யாருமே சொல்லலையே."

அம்மாவுக்குத் தெரியும். அவரை யாரும் கேட்கவில்லை. அந்தப் புதன்கிழமைக்கு முந்தின இரவு அப்பா சாப்பிடாமல் படுத்தபோது நான் பசியில்லை போல என்று நினைத்துக்கொண்டேன்.

டாக்டர் செவ்வாய்க்குத் தனியாக எழுதி, விளக்கிச் சொன்னார். அப்பா நோட்டில் குறித்துக்கொண்டு எழுந்திருப்பார் என்று பார்த்தால், எழுந்திருக்கவில்லை.

"இருங்க சார், நான் ஒருதடவை திருப்பிச் சொல்றேன். சரியான்னு பாருங்க."