போர்ஷே 911 ஆர்டர் போடும்போது எதற்குக் காசு கொடுக்கலாம்

911-இன் ஆப்ஷன் பட்டியலைத் திறந்து ஒவ்வொன்றாக டிக் அடித்துக்கொண்டே போனால் இன்னொரு கார் வாங்குகிற காசு அதிலேயே கரைந்துவிடும். நான் பார்ப்பது ஒன்றுதான், பின்னால் லேசில் மாட்ட முடியாதது எது? ஃப்ரண்ட் ஆக்சில் லிஃப்ட் அப்படிப்பட்டது. பட்டனை அழுத்தினால் மூக்கு சுமார் 4 சென்டிமீட்டர் எழும்பும்; பேஸ்மென்ட் சரிவில் பம்பர் கர்ரென்று உரசுகிற சத்தத்தை ஒருமுறை கேட்டவர்கள் இதற்கு யோசிக்கவே மாட்டார்கள். ரியர் ஆக்சில் ஸ்டீயரிங்கும் அதே கணக்கு: மெதுவாகப் போகும்போது பின்சக்கரங்கள் முன்சக்கரங்களுக்கு எதிர்ப்பக்கம் திரும்பும், யூ டர்ன் சுலபம், வேகத்தில் ஒரே பக்கம் திரும்பி வண்டி ஆடாமல் நிற்கும்.

செராமிக் பிரேக்? எடை குறைவு, சக்கரத்தில் கருப்புத் தூள் அவ்வளவாகப் படியாது, மஞ்சள் காலிப்பரும் (டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் பாகம்) அழகுதான். ஆனால் ரேஸ் ட்ராக் பக்கமே போகாதவருக்கு அது அலங்காரம், டிஸ்க் மாற்ற நேர்ந்தால் பில்லைப் பார்த்து மயக்கம் வரும்.

சீட்டை மட்டும் படம் பார்த்து முடிவு பண்ணாதீர்கள். ரேஸ் கார் பாணியில் ஒரே கூடாக வரும் ஃபுல் பக்கெட் சீட்டில் முதுகுச் சாய்வை மாற்றவே முடியாது, ஷோரூமில் அரை மணி நேரமாவது உட்கார்ந்து பாருங்கள். அப்புறம் கலர் தையல், தோல் சுற்றிய ஏசி வென்ட் எல்லாம்... சரி, மனசு கேட்டால் போடுங்கள், நான் போடமாட்டேன்.