இடையில பேசுனதையெல்லாம் வெட்டிடலாமா?

பழைய ஸ்பூல் டேப்பை பிளேயர்ல போடறதுக்கு முன்னாடி ஓவன்ல வச்சு சூடு பண்ணுவோம்னு சொன்னா ஊர்ல யாரும் நம்ப மாட்டேங்கறாங்க. ஆனா பழைய டேப்பை கம்ப்யூட்டர் ஃபைலா மாத்தற எங்க வேலைல அதான் முதல் படி. ஆம்பெக்ஸ் 456 மாதிரி எழுபது எண்பதுகள்ல வந்த டேப்புல, பாட்டு பதிவாகற காந்தத் துகளை ஒட்டி வச்சிருக்கற பசை காத்துல இருக்கற ஈரத்தை இழுத்து இழுத்து வருஷக்கணக்குல பிசுபிசுன்னு ஆயிடும், அப்படியே ஓட்டுனா பிளேயர்ல டேப்பை படிக்கற ஹெட்ல ஒட்டிக்கிட்டு கிறீச்னு கத்தும், அந்தத் துகள் உரிஞ்சு கையோட வந்துடும், அதுல இருந்த பாட்டும் அதோட போச்சு. அதனால 50-55 டிகிரி சூட்டுல பல மணி நேரம் வச்சு, ஆற விட்டு, அப்புறம் உடனே கம்ப்யூட்டர்ல ஏத்திடணும். கேசட்டுக்கு இந்த வைத்தியம் பெரும்பாலும் தேவைப்படாது, அதுக்கு வேற தலைவலி இருக்கு, ஹெட்டோட கோணத்தை ஒவ்வொரு கேசட்டுக்கும் தனியா திருகி சரி பண்ணணும், இல்லன்னா ஹை ஃப்ரீக்வென்சி, அதாவது கீச்சு சத்தமெல்லாம் மழுங்கிடும்.

சான் பிரான்சிஸ்கோ பக்கத்துல இருக்கற ஓக்லாண்ட்ல ஒரு சின்ன ஸ்டுடியோல நான் இந்த வேலை பாத்தேன். சர்ச் பிரசங்கம், கல்யாணம், யாரோ ஒருத்தரோட தாத்தா பியானோ வாசிச்சது, இப்படித்தான் வரும். அப்போ ஒரு நாள் எழுபது வயசு தாண்டுன பெரியவர் ஒருத்தர் சில அட்டைப்பெட்டி நிறைய டேப் கொண்டு வந்தாரு. சான் பிரான்சிஸ்கோ கே மென்ஸ் கோரஸ்ல, அதாவது கே ஆம்பளைங்க சேந்து பாடற குழுவுல, ரொம்ப வருஷம் பாரிடோன் (நடுக் குரல்) பாடுனவர். கச்சேரி ரெக்கார்டிங் கொஞ்சம்தான், மிச்சமெல்லாம் ரிகர்சல் கேசட். பாடறவங்க அந்தக் காலத்துல சின்ன ரெக்கார்டரை மடில வச்சுக்கிட்டு தங்களோட பார்ட்டை பதிவு பண்ணிக்குவாங்க, வேலைக்கு போற வழில வாக்மேன்ல போட்டு மனப்பாடம் பண்றதுக்கு. லேபிள்ல பாதிக்கு மேல தேதியே கிடையாது, "திங்கள், ரெண்டாவது பாட்டு, 14ம் பக்கத்துலேருந்து"ன்னு இருக்கும், எந்த வருஷத்து திங்கள்னு யாருக்குத் தெரியும்.

திங்கக்கிழமைதான் அவங்களுக்கு ரிகர்சல். ஆரம்பிச்சதே அப்படித்தான். ஜான் சிம்ஸ்னு கான்சாஸ்லேருந்து வந்த ஒரு மியூசிக் டீச்சர், 1978 ஜூன்ல ஒரு கே மார்ச்சிங் பேண்டு ஆரம்பிச்சாரு, அதே வருஷம் அக்டோபர் 30, திங்கக்கிழமை, இந்த கோரஸோட முதல் ரிகர்சல். பேர்லயே கேன்னு போட்டுக்கறது அப்போ சாதாரண விஷயம் இல்ல, கலிஃபோர்னியாலயே கே டீச்சர்களை வேலைய விட்டு தூக்கணும்னு ஒரு சட்டத்தை ஓட்டுக்கு விட்டிருந்த நேரம் (நவம்பர்ல தோத்துப் போச்சு). சரியா நாலு வாரம் கழிச்சு, நவம்பர் 27, அதுவும் திங்கள், மேயர் ஜார்ஜ் மாஸ்கோனியையும், நகர சபைல இருந்த கே தலைவர் ஹார்வி மில்க்கையும் சிட்டி ஹால்ல சுட்டுக் கொன்னுட்டாங்க. அன்னைக்கு ராத்திரி ஆயிரக்கணக்குல ஜனம் மெழுகுவத்தியோட சிட்டி ஹாலுக்கு நடந்து போச்சு, படிக்கட்டுல நின்னு இவங்க மெண்டல்சன் எழுதுன ஒரு பக்திப் பாட்டை பாடுனாங்க. அதான் அவங்க மக்கள் முன்னாடி பாடுன முதல் தடவை. அரங்கேற்றமே இரங்கல் கூட்டத்துல. பெரியவர் இதை சொல்லும்போது ரொம்ப சாதாரணமா, "குளிருச்சு, நோட்டு தெரியல, வெளிச்சம் பத்தல"ன்னு சொன்னாரு, அவ்ளோதான்.

1981 ஜூன்ல நாடு முழுக்க ஒன்பது ஊருக்கு டூர் போனாங்க. சில பேர் வீட்டை அடமானம் வச்சு அந்த டூருக்கு காசு புரட்டுனாங்க, அப்புறம் கோரஸே கடன்ல கிடந்துச்சு, ஆனா போன ஊர்ல எல்லாம் நாமளும் ஒண்ணு ஆரம்பிக்கலாம்னு ஜனம் கிளம்புனாங்க, வாஷிங்டன் கோரஸ் அப்படி வந்ததுதான். அதே ஜூன் 5ம் தேதி அமெரிக்க நோய்த்தடுப்பு மையத்தோட வாராந்திர அறிக்கைல லாஸ் ஏஞ்சலஸ்ல அஞ்சு இளவயசு ஆம்பளைங்களுக்கு வந்த ஒரு அபூர்வமான நிமோனியா பத்தி ஒரு சின்ன குறிப்பு வந்துச்சு. நியூமோசிஸ்டிஸ்னு பேர், எய்ட்ஸ் பத்தி வந்த முதல் குறிப்பு அதான். அந்த டூர் டேப் எல்லாம் நல்ல கண்டிஷன்ல இருந்துச்சு, கைதட்டல் மட்டும் லெவல் மீறி கிழிஞ்சு போயிருக்கு, ரெக்கார்ட் பண்ணவன் அவ்ளோ சத்தத்தை எதிர்பார்க்கல போல.

எனக்கு எய்ட்ஸ் பத்தி அதுவரைக்கும் தெரிஞ்சது என்னன்னு கேட்டா, புள்ளிராஜா. செவுத்துல, பஸ்ஸுல, டிவில எல்லாம் புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமான்னு கேட்டுக்கிட்டே இருப்பாங்களே, அதை வச்சு ஸ்கூல்ல பசங்களை ஓட்டுவோம், அத்தோட சரி. ஒரே வாரத்துல ரெண்டு சாவுக்கு போறது எப்படி இருக்கும்னு அந்த விளம்பரம் சொல்லல.

சரி வேலைக்கு வர்றேன். தேதி இல்லாத கேசட்டுக்கு வருஷம் கண்டுபிடிக்கணும், அது இல்லாம ஃபைலுக்கு பேர் வைக்க முடியாது. பாட்டை வச்சு கொஞ்சம் தெரியும், கச்சேரி நோட்டீஸ் பெரியவர்கிட்ட இருந்துச்சு. ஆனா உண்மைல உதவி பண்ணது பாட்டுக்கு நடுவுல அவங்க பேசுனதுதான். ரிகர்சல்ல ஒரு இடைவேளை வரும், யாராவது முன்னாடி வந்து அறிவிப்பு படிப்பாங்க, சந்தா பாக்கி, டக்சீடோ வாடகை, யாரோட பூனைக்கு வீடு வேணும், யாரை ஆஸ்பத்திரிக்கு கார்ல கூட்டிட்டு போகணும், வியாழக்கிழமை சமையல் யாரு. அதுல "5பி"ன்னு வந்தா 83 ஜூலைக்கு அப்புறம்னு அர்த்தம், ஏன்னா சான் பிரான்சிஸ்கோ ஜெனரல் ஆஸ்பத்திரில எய்ட்ஸுக்குன்னே தனி வார்டு அப்போதான் திறந்தாங்க. மத்த எடத்துல சாப்பாட்டு தட்டை கதவு வெளிய வச்சிட்டு ஓடுன காலத்துல, அங்க நர்ஸுங்க கையுறை இல்லாம கைய புடிச்சுக்கிட்டு பக்கத்துல உக்காருவாங்களாம். 86ல அந்த வார்டு பெருசாகி 5ஏவுக்கு மாறிடுச்சு, ஆக "5ஏ"ன்னா அதுக்கப்புறம். டெஸ்ட் எடுக்கறதா வேணாமான்னு சண்டை போட்டா 85க்கு பிந்தி. அந்த வருஷம்தான் ரத்தப் பரிசோதனையே வந்துச்சு, மருந்து இல்லாத நோய்க்கு டெஸ்ட் எடுத்து வேலையும் இன்சூரன்ஸும் போறதுதான் மிச்சம்னு ஒரு குரல் கத்துது, பின்னாடி ஒருத்தர் பொறுமையா எட்டாம் பக்கத்தை எடுங்கப்பாங்கறாரு.

அப்புறம் அந்த பீப்.

ஒரு கேசட்ல ரொம்ப மெதுவா பாடற இடத்துல, நாலு பார்ட்டும் இறங்கி வர்ற நேரம், பீப் பீப்னு கேட்டுச்சு. சத்தத்தை படமா காட்டற ஸ்பெக்ட்ரோகிராம்ல போட்டு பாத்தா 4 கிலோஹெர்ட்ஸ் பக்கத்துல கோடு கோடா, டிஜிட்டல் வாட்ச் அலாரம் மாதிரி. சாஃப்ட்வேர்ல இதை எடுக்கறது ரெண்டு நிமிஷ வேலை, கோட்டை செலக்ட் பண்ணி அழுத்துனா போயிடும், எடுத்தும் வச்சேன், அதான எங்க வேலை. அடுத்த கேசட்லயும் இருந்துச்சு, இன்னொண்ணுல ரெண்டு மூணு வேற வேற சுருதில ஒண்ணு பின்னாடி ஒண்ணா அடிக்குது, பாட்டு நிக்கவே இல்ல. பெரியவர்கிட்ட கேட்டேன். ஏஇசட்டின்னாரு. 1987 மார்ச்ல எய்ட்ஸுக்கு அனுமதி கிடைச்ச முதல் மருந்து, ஆரம்பத்துல ராத்திரி பகல் பாக்காம நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை முழுங்கணும், அதுக்காக அலாரம் வச்ச மாத்திரை டப்பா வச்சிருப்பாங்க, தியேட்டர்ல, பஸ்ல, சர்ச்ல எல்லாம் அடிக்கும், யாரும் திரும்பி பாக்க மாட்டாங்களாம், பாத்தா யாருக்கு நோய்னு தெரிஞ்சிடும்ல. வருஷத்துக்கு பத்தாயிரம் டாலர் வரைக்கும் ஆகற மருந்து, ரத்த சோகை வந்துடும், அதையும் தாண்டி ஆயுசுல கொஞ்ச மாசம்தான் வாங்கிக் குடுத்துச்சு. எடுத்த பீப்பை எல்லாம் திரும்ப வச்சிடுன்னு அவர் சொன்னாரு. நல்லவேளை, ஒரிஜினல் ஃபைலை எப்பவும் தொட மாட்டோம்.

இருமலும் அப்படித்தான். வறட்டு இருமல் நிறைய இருக்கு டேப்ல. நியூமோசிஸ்டிஸ்ல பெரும்பாலும் சளி வராது, வறட்டு இருமலும் மூச்சு வாங்கறதும்தான், பாடறவனுக்கு முதல்ல தெரியறது நீளமான வரில மூச்சு பத்தாம போறதுதான்னு அவர் சொன்னாரு. சில பேருக்கு தொண்டைல வெள்ளையா பூஞ்சை, சில பேருக்கு கண்ணு போயிடும், நோட்டை பாக்க முடியாதவங்களுக்கு பக்கத்துல நிக்கறவங்க கேசட் பண்ணிக் குடுப்பாங்க. ஆனா ஒரு இருமலை கேட்டுட்டு இது அதுதான்னு சொல்லவே முடியாது. அந்த ஊரு பனிக்கு யாருக்கு வேணா இருமும். ஹெட்ஃபோனை மாட்டிக்கிட்டு யார் யார் செத்திருப்பாங்கன்னு ஜோசியம் பாக்கற பழக்கம் எனக்கு கொஞ்ச நாள்ல வந்துச்சு, அது நல்லதில்லன்னு நானே நிறுத்திக்கிட்டேன்.

இந்த வேலைல என்னைய ரொம்ப குழப்புன விஷயம் ஒண்ணு இருக்கு. நான் சவுண்டு ஆளு, காதை வச்சு பொழைக்கறவன். 82 கச்சேரியையும் 85ஐயும் 89ஐயும் 92ஐயும் வரிசையா போட்டு கேட்டேன். இவ்ளோ பேர் போயிருக்காங்களே, டெனர் (மேல் குரல்) செக்‌ஷன் மெலிஞ்சிருக்கணும், பேஸ் (கீழ் குரல்) குறைஞ்சிருக்கணும்னு நெனச்சா, ஒண்ணுமே தெரியல. சத்தம் நிறைவாதான் இருக்கு, சொல்லப்போனா பின்னாடி வந்த வருஷத்துல இன்னும் நல்லா பாடறாங்க. ஏன்னா ஒவ்வொரு சீசனும் புதுசா ஆள் சேந்துக்கிட்டே இருந்தாங்க. கோரஸ்ல நீளமான வரிய பாடும்போது ஆளுக்கு ஒரு நேரத்துல மூச்சு எடுத்துக்குவாங்க, கேக்கறவங்களுக்கு இடைவெளியே தெரியாது, அதை அவ்ளோ பழகியிருப்பாங்க. அதே மாதிரிதான் இதுவும், ஒரு இடம் காலியாகும், அடுத்த திங்கள் அங்க ஒரு இருபத்தஞ்சு வயசு பையன் நிப்பான், பக்கத்துல நிக்கற பழைய ஆளோட குரலை கேட்டு கேட்டு கத்துக்குவான், அந்தப் பழைய ஆளும் போயிடுவாரு, இவன் இப்போ பழைய ஆளு. வெறும் பாட்டை மட்டும் கேட்டீங்கன்னா எய்ட்ஸ்னு ஒண்ணு வந்ததாவே தெரியாது. ஆரம்பிச்சு வச்ச ஜான் சிம்ஸே 1984ல 37 வயசுல அதே நோய்ல போயிட்டாரு, அந்த வருஷத்து டேப்லயும் சுருதி விலகல.

இதுக்கு நேர் எதிரா ஒரு போட்டோ இருக்கு, பாத்திருப்பீங்க, அப்பப்போ சுத்திக்கிட்டே இருக்கும். 1993ல சான் பிரான்சிஸ்கோ க்ரானிக்கிள் போட்டோகிராஃபர் எரிக் லூஸ் எடுத்தது. கோரஸ் முழுக்க கருப்பு உடுப்புல நமக்கு முதுகு காட்டி நிக்குது, நடுநடுவுல ஏழு பேர் மட்டும் வெள்ளை சட்டைல நம்மள பாத்து. வெள்ளை சட்டை எல்லாம் ஆரம்பத்துலேருந்து உயிரோட மிஞ்சுனவங்க, முதுகு காட்டறவங்க செத்தவங்களுக்காக நிக்கறாங்க. எனக்கு அதுல ரொம்ப பிடிச்சது, அந்த கருப்பு உடுப்புக்காரங்களும் உயிரோட இருக்கற பாட்டுக்காரங்கதான், அதுல எத்தனையோ பேர் நோயோட இருந்திருப்பாங்க. காதுக்கு தெரியாததை கண்ணுக்கு காட்டறதுக்கு அவ்ளோ பேரை நிக்க வைக்க வேண்டியிருந்துச்சு. முதல் டெனர், ரெண்டாவது டெனர், பாரிடோன், பேஸ்னு நாலு செக்‌ஷனுக்கு அப்புறம், செத்தவங்க பேரை அஞ்சாவது செக்‌ஷன்னு போட்டு வச்சிருக்காங்க. 300 பேரைத் தாண்டிடுச்சு.

எங்க ஸ்டுடியோல பிரச்சனை வந்தது இதுக்கப்புறம்தான். மேனேஜர் கணக்கு வேற. டெலிவரி பண்றது பாட்டு மட்டும்தான், நடுவுல பேசறது, நாற்காலி இழுக்கறது, சிரிக்கறது எல்லாம் "டெட் ஏர்", ஒண்ணுமில்லாத வெத்து நேரம், வெட்டிடு, ஸ்டோரேஜும் மிச்சம், நேரமும் மிச்சம். நான் சொன்னேன், பாட்டு கச்சேரி ரெக்கார்டிங்லயே இருக்கு சார், இந்த கேசட்ல இருக்கற விஷயமே பேச்சுதான்னு. அவர் ஒத்துக்கல. கிளையண்ட் காசு குடுக்கறது பாட்டுக்குன்னாரு. ஒரு கேசட்ல ஒருத்தர் சனிக்கிழமை இரங்கல் கூட்டத்துக்கு எத்தனை பேர் பாட வர்றீங்க, கைய தூக்குங்கன்னு கேக்கறாரு, எண்ணறாரு, ரெண்டாவது டெனர் பத்தல, ஞாயித்துக்கிழமை வேற ஒண்ணு இருக்கு, ரெண்டுக்கும் வர்றவங்களுக்கு கார் இருக்குன்னு சொல்றாரு, யாரோ ஜோக் அடிக்கறாங்க, கூட்டமே சிரிக்குது, சுருதி குடுக்க பிட்ச் பைப் ஊதறாங்க. மொத்தமே ஒண்ணரை நிமிஷம் இருக்கும். இதைப் போய் டெட் ஏர்னு சொன்னா எனக்கு வேற எதுவும் கேக்க வேண்டாம்னு இருந்துச்சு. (சிரிப்பை பத்தி பெரியவர் என்ன சொன்னாருன்னா, நாங்க அழுததை விட சண்டை போட்டதும் சிரிச்சதும்தான் அதிகம், படத்துல எல்லாம் மாத்தி காட்டறாங்கன்னாரு.)

கடைசில பெரியவரே வந்து உக்காந்து ஒரு நாள் முழுக்க கேட்டாரு. பாட்டு வந்தா தள்ளி விடச் சொல்லிட்டாரு, பேச்சு வந்தா நிறுத்தி, இது இன்னார், இது இன்னார்னு பேர் சொன்னாரு, நான் டைப் பண்ணேன். சில குரலுக்கு பேர் ஞாபகம் வரல, "பேஸ், செயின்ட் லூயிஸ்காரன், நல்லா கேக் பண்ணுவான்"னு போடச் சொன்னாரு, அப்படியே போட்டேன். 95 கடைசிலேயும் 96லேயும் புது மருந்தெல்லாம் வந்தப்புறம் இருக்கற கேசட்ல அறிவிப்பு மாறிடுது, இரங்கல் கூட்டம் குறைஞ்சு, டிஸ்கவுண்ட் டிக்கெட், பிக்னிக்னு வருது. 98 ஆகஸ்ட்ல அந்த ஊரு கே பத்திரிகை பே ஏரியா ரிப்போர்ட்டர், இந்த வாரம் எய்ட்ஸ் மரண அறிவிப்பே வரலன்னு முதல் பக்கத்துல போட்டாங்களே, அதுக்கு முன்னாடியே இந்த கேசட்ல தெரிய ஆரம்பிச்சிடுச்சு. எல்லாருக்கும் நிம்மதின்னு சொல்லிட முடியாது. செத்துடுவோம்னு நம்பி கிரெடிட் கார்டுல கடன் வாங்கி செலவு பண்ணவங்க, வேலைய விட்டவங்க எல்லாம் இப்போ நாப்பது வயசுல திரும்ப ஆரம்பிக்கணும். பெரியவரே அதுல ஒருத்தர்.

மேனேஜர் பேச்சு ஃபைலுக்கு தனியா காசு கேட்டாரு, பெரியவர் குடுத்துட்டாரு, எனக்குத்தான் கோவம். இப்போ வேற ஸ்டுடியோல இருக்கேன். இங்க டேப் அனுப்பறவங்க நிரப்பற ஃபார்ம்ல, இடையில பேசுனதை வச்சுக்கணுமா வெட்டணுமான்னு ஒரு வரி சேக்க வச்சிருக்கேன். பாதி பேர் அதை காலியா விட்டுத்தான் அனுப்பறாங்க, நான் போன் போட்டு கேக்கறேன்.